ஆணி அடிக்காத வீட்டில் ஒரு கொக்கி

ஜூன் 10, செவ்வாய்

இன்று நந்துவிடம் சொல்லாமல் விட்டது: இரண்டு கோடு விழுந்திருக்கிறது.

காலை ஆறரைக்குப் பார்த்தேன். ஏழு மணிக்கு அவர் சமையலறை வாசலில் டிபன் டப்பாவின் மூடியைத் துடைத்துக்கொண்டு நின்றபோது சொல்லிவிடலாம் என்று வாய் திறந்தேன். "வத்தல் வைக்கட்டுமா, அப்பளமா?" என்று கேட்டேன். வத்தல் என்றார். பம்பு கம்பெனிக்கு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். அங்கே அவருக்கு டிசைன் பிரிவில் வேலை. எந்தப் பாகம் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று நாள் முழுக்கக் கணக்குப் போடுவார். வீட்டில் அந்தக் கணக்கை ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வதில்லை.

கதைகளில் நாட்குறிப்பு எழுதும் பெண்கள் அதைப் பூட்டிய பெட்டிக்குள் வைப்பார்கள். என்னுடையது அரிசி டிரம்முக்குப் பின்னால் இருக்கிறது. போன ஆகஸ்டுக்குப் பிறகு இதைத் தொடவில்லை. பாதிப் பக்கம் எழுதி நிறுத்தியிருந்த இடத்தைத் தாண்டி, நான்கு வெள்ளைத் தாள்களை விட்டுவிட்டு இங்கே ஆரம்பிக்கிறேன்.

ஜூன் 12, வியாழன்

வியாழக்கிழமை என்றால் பதிவு. நான்கு வருடமாக ஒரு வாரம்தான் தவறியிருக்கிறது. இல்லை, ஏழு வாரம்.

இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்று வீட்டுக்காரர் பட்டீஸ்வரன் ஐயா சாவியைக் கையில் கொடுக்காமல் பிடித்துக்கொண்டே, "சுவத்துல ஒரு ஆணி கூடாதுங்க. காலண்டர்கூட டேபிள் மேல வையுங்க" என்றார். கணபதி ஏரியாவில் கீழ் போர்ஷன் கிடைத்ததே பெரிது என்று தலையாட்டினோம். அந்த வாரமே வலைப்பதிவைத் தொடங்கினேன். பெயர் 'ஆணி அடிக்காத வீடு'. சுவரைத் தொடாமல் திரை போடுவது, பழப்பெட்டிகளை அடுக்கிப் புத்தக அலமாரி செய்வது, வாடகை வீட்டின் மங்கிய டைல்ஸை மறைப்பது என்று வாரம் ஒன்று. என் முகம் அதில் இல்லை, பெயரும் இல்லை. அறைகள் மட்டும்தான். படிப்பவர்களில் பாதிப்பேர் என்னைப் போல ஓனர் மேலே குடியிருக்கும் வீடுகளில் இருப்பவர்கள்.

இன்று போட்டது சின்ன அறையைப் பற்றி. தலைப்பு: 'எட்டுக்கு எட்டில் ஒரு படிக்கும் மூலை'. மேற்கு ஜன்னலில் வெயில் நாலேகாலுக்குச் சரியாக நாற்காலியின் கைப்பிடியில் விழும், பத்து நிமிடம்தான் நிற்கும். குமட்டலை அடக்கிக்கொண்டு, எலுமிச்சம்பழத்தை ஒரு கையில் வைத்து மோந்துகொண்டே முப்பது படம் எடுத்தேன். கோரைப்பாய், நாற்காலி, பழப்பெட்டி அலமாரி, மேலிருந்து தொங்கும் பிரம்பு விளக்கு. படம் நன்றாக வந்திருக்கிறது. ஆள் இல்லாத அறையை அழகாகக் காட்டுவதில் எனக்குப் பழக்கம் வந்துவிட்டது.

மாலைக்குள் அறுபது பின்னூட்டம். விருதுநகரிலிருந்து கோமதி என்பவர் எப்போதும் முதலில் வருவார். இன்று கேட்டிருந்தார்: "அந்த விளக்கு எதில் தொங்குகிறது? ஆணி அடிக்க மாட்டீர்களே?"

"ஒட்டும் கொக்கிதான். விளக்கு கனமில்லை" என்று பதில் எழுதினேன். எழுத அரை நிமிடம் ஆகியிருக்கும்.

ஜூன் 15, ஞாயிறு

சொல்லிவிட்டேன். மிக்ஸி ஓடிக்கொண்டிருக்கும்போது சொன்னேன், கேட்காவிட்டால் கேட்காததாகவே இருக்கட்டும் என்று. அவர் மிக்ஸியை நிறுத்தினார். எத்தனை நாள் என்றார். நாற்பத்தைந்து என்றேன். அப்படியே சமையலறைத் தரையில் உட்கார்ந்து, கீழே சிந்திக் கிடந்த பொட்டுக்கடலையை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்.

"யாருகிட்டயும் சொல்ல வேண்டாம். அஞ்சு மாசம் போகட்டும்."

மற்றவர்கள் மூன்று மாதம் என்பார்கள். அவர் ஐந்து என்றதை இரண்டு பேரும் ஏனென்று கேட்டுக்கொள்ளவில்லை.

ஜூன் 28, சனி

சாப்பிட்டது எதுவும் வயிற்றில் தங்கவில்லை. இளநீர் மட்டும். ஷூ ராக் பற்றிய பதிவைப் படுத்துக்கொண்டே திருத்தினேன்.

ஜூலை 6, ஞாயிறு

மாதத்தின் முதல் ஞாயிறு, ஐயாவின் சோதனை நாள். மின்சார வாரியத்திலிருந்து ஓய்வு பெற்றவர். கையில் ஒரு பழைய டெஸ்டரை வைத்துக்கொண்டு, அதன் பிடியால் சுவர்களைத் தட்டிக்கொண்டே போவார். எங்கேயாவது துளையை அடைத்துப் பெயிண்ட் பூசியிருந்தால் சத்தம் காட்டிக்கொடுத்துவிடுமாம்.

நந்து, "ஐயா, இதுக்கு ஸ்டெதஸ்கோப் வாங்கிக்கலாமுங்க" என்றார். ஐயா சிரிக்கவில்லை. "சுவரு உங்களுதா இருந்தா தெரியும்" என்றார்.

சின்ன அறை வாசலில் நின்று பிரம்பு விளக்கைப் பார்த்தார். தட்டாமல் திரும்பி, மாடிப்படி ஏறிவிட்டார். அந்த அறையை அவர் ஒரு வருடமாகவே தட்டுவதில்லை.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்துவிட்டது. படிக்கும் மூலையை இதுவரை நான்காயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள். இதே போலத் தங்கள் வீட்டில் செய்து படம் அனுப்புகிறார்கள். சேலத்தில் ஒருவர் கோரைப்பாய்க்குப் பதில் ஜமக்காளம் விரித்திருக்கிறார், அது என்னுடையதைவிட அழகாக இருக்கிறது. ஒரு பெண் எழுதியிருந்தாள்: "அக்கா, அடுத்து குழந்தைக்கு அறை போடுங்க. ஓனர் ஆணி அடிக்க விடலைன்னா தொட்டிலுக்கு என்ன பண்றது?"

அவளுக்குப் பதில் எழுதவில்லை. ஜன்னல் திரையை எப்படித் துவைப்பது என்று ஒரு பதிவு எழுதினேன்.

படிக்கும் மூலையில் உட்கார்ந்து நான் எதையும் படித்ததில்லை. படிப்பது எப்போதும் சமையலறை ஸ்டூலில்தான், குக்கரை ஒரு காதால் கேட்டுக்கொண்டு. இந்த மாதம் இரண்டு நாவல்களைப் பாதியில் வைத்தேன். இரண்டிலும் ஒருத்தி கர்ப்பமாகிறாள். நாவல்காரர்கள் அதைக் கதை நகர்வதற்காகச் செய்கிறார்கள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டுக்குப் பொள்ளாச்சியிலிருந்து அத்தை வந்தார். நந்துவின் அம்மா. ஒரு பை நிறையத் தேங்காய், ஒரு பை நிறையக் கேள்வி. நாங்கள் எதுவும் சொல்வதாக இல்லை. தாளிக்கும்போது நான் பின்கட்டுக்குப் போய் நின்றேன், அவ்வளவுதான். வெளியே வந்து என் பக்கத்தில் நின்று துணிக்கொடியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"முழுகாம இருக்கறயா கண்ணு?"

ஆமாம் என்றேன். எத்தனையாவது மாதம் என்று கேட்கவில்லை. உள்ளே போய்க் கறிவேப்பிலையைப் பொறுக்கி எடுத்துவிட்டு எனக்குத் தனியாக ரசம் வைத்தார். நந்துவிடம் மட்டும், "பெத்தவளுக்குச் சொல்லாம ஆபீசுல பம்புக்குச் சொன்னியாக்கும்" என்றார்.

சாப்பிட்ட பிறகு சின்ன அறை வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை. விளக்கைப் பார்த்தார். அதற்கு மேலே, கம்பி போய் முடியும் இடத்தையும் பார்த்தார். பார்த்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றார். போன தடவையும் இப்படித்தான். எல்லாவற்றுக்கும் ஒரு சொல் வைத்திருப்பவர் அந்தக் கூரைக்கு மட்டும் ஒன்றும் சொல்ல மாட்டார். அந்த மௌனத்தின் அர்த்தம் எனக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

ஒரு வருடம். துணி துவைத்தேன். இரண்டு முறை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

நந்து இன்று மெதுவாக ஆரம்பித்தார். அந்த ரூமை என்ன செய்யலாம், என்று. எந்த ரூம் என்று கேட்டேன். இருப்பது இரண்டு. அவர் ஒரு நிமிடம் என்னைப் பார்த்துவிட்டு, "ஹால்ல திரை மாத்தணுமோன்னு கேட்டேன்" என்றார்.

திரையை மாற்றினோம். படம் எடுத்தேன். அடுத்த வாரப் பதிவு ஆயிற்று.

செப்டம்பர் 8, திங்கள்

'வாடகை வீட்டில் குழந்தைக்கு இடம்' என்று ஒரு வரைவு எழுதினேன். மடக்கும் மெத்தை, துணி அடுக்கக் கூடைகள், வெளிச்சம் கண்ணில் அடிக்காத திரை. இதெல்லாம் சுலபமாக வந்தது. தொட்டில் என்று ஒரு உபதலைப்பு போட்டேன். அதற்குக் கீழே கர்சர் துடித்துக்கொண்டே இருந்தது. அழித்தேன். உபதலைப்பை மட்டும் அழிக்கப் போய் எல்லாவற்றையும் அழித்தேன்.

பகலில் எந்த வேலையையும் உட்கார்ந்து செய்ய முடியவில்லை. எழுந்து நிலைவாசலைத் துடைக்கிறேன், மசாலா டப்பாக்களை உயரவாரியாக அடுக்குகிறேன். அம்மியை நகர்த்தி வைத்தேன். கல்யாணச் சீரில் வந்த சின்ன அம்மி. அதில் நான் அரைத்ததேயில்லை, படத்தில் வைத்தால் நன்றாக இருக்கும் என்று வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 11, வியாழன்

பத்தொன்பது வாரம். இன்று பதிவு போடவில்லை.

காலையில் கோமதியிடமிருந்து ஒரு மின்னஞ்சல். ஒரு படம் இணைத்திருந்தார். தரையில் பிரம்பு விளக்கு, ஒரு பக்கம் நசுங்கி. பல்பு நொறுங்கி, கண்ணாடிச் சில்லுகள் ஒரு சின்னப் பாய் முழுக்க. பாயில் மரக்கட்டை பொம்மைகள்.

அவர் எழுதியிருந்ததைச் சுருக்கமாக எழுதிவைக்கிறேன். என் படத்தைப் பார்த்து அதே போல விளக்கு தேடி வாங்கி, ஒட்டும் கொக்கிகளில் மாட்டியிருக்கிறார். மூன்று மாதம் தாங்கியது. நேற்று மதியம் விழுந்தது. அவருடைய இரண்டு வயது மகன் இனியன் அதற்குக் கீழேதான் விளையாடுவான். தண்ணீர் வேண்டுமென்று அவர் பின்னால் சமையலறைக்குப் போயிருந்தான். கடைசி வரி இது: "உங்கள் மேல் தப்பு இல்லை. நீங்கள் எத்தனை கொக்கி என்று சொல்லவில்லை, நான் நான்கு ஒட்டியிருக்க வேண்டும், மூன்று ஒட்டிவிட்டேன். உங்களுடையது இன்னும் நன்றாக இருக்கிறதா? ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்."

அவர் தப்பைத் தன் மேல் போட்டுக்கொள்கிறார். என் விளக்கைப் பற்றிக் கவலைப்படுகிறார்.

என்னுடையது நன்றாக இருக்கிறது. சின்ன அறைக்குப் போய்ப் பார்த்தேன். அசையக்கூட இல்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

நந்துவிடம் மின்னஞ்சலைக் காட்டினேன். முதலில் அவருக்குப் புரியவில்லை.

"ஒட்டற கொக்கின்னு யாரு சொன்னா?"

"நான்தாங்க."

"அந்த விளக்கையா? அது ஒண்ணரைக் கிலோ, சாரு."

வேறு எதுவும் திட்டவில்லை. அந்த ஒண்ணரைக் கிலோவே போதுமானதாக இருந்தது. பிறகு அவர் சொன்னார், போன செப்டம்பரில் நான் ஒரு நாள் பல் டாக்டரிடம் போயிருந்தபோது ஏணி போட்டு ஏறினாராம், அந்தக் கொக்கியைக் கழற்றிவிடலாம் என்று.

"ஸ்பானர் போட்டுத் திருகிப் பாத்தேன். அசையல. நான்தான கெமிக்கல் ஊத்தி இறுக்கினேன். அதை எடுக்கணும்னா சீலிங்கை உடைக்கணும், ஐயா வீட்டுத் தரை வரைக்கும் போகும்."

"ஏங்க அப்படிப் போட்டீங்க?"

"எண்பது கிலோ தாங்கணும்னு போட்டேன்."

தொட்டிலுக்கு எண்பது கிலோ. சிரிக்க ஆரம்பித்தார், பாதியில் நின்றுவிட்டது. விளக்கைத் திரும்ப அதே இடத்தில் மாட்டிவிட்டுத்தான் இறங்கினாராம். நான் அதை எங்கே விட்டேனோ அங்கேயே இருக்கட்டும் என்று. எனக்குத் தெரியவே இல்லை.

எழுதிவிடுகிறேன். சென்ற வருடம் ஜூலையில், நாலாம் மாதம், ஐயாவிடம் அனுமதி கேட்டு நந்து அந்தக் கொக்கியைப் போட்டார். ஒரே ஒரு துளைக்கு, தொட்டிலுக்கு மட்டும், என்று ஐயா சம்மதித்தார். வீட்டில் கர்ப்பிணி இருக்கும்போது சுவரையோ கூரையையோ துளைக்கக் கூடாது என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னபோது நான் சிரித்தேன். நான் படித்தவள். ஆகஸ்டில் குழந்தை போய்விட்டது. டாக்டரம்மா எல்லாப் பரிசோதனையும் செய்து, காரணம் என்று சொல்ல ஒன்றும் இல்லை என்றார். மருத்துவமனையிலிருந்து வந்த மூன்றாம் நாள், கொக்கியை மறைக்க விளக்கை மாட்டினேன்.

இதை இவ்வளவு தெளிவாக எழுதுவேன் என்று நினைக்கவில்லை.

செப்டம்பர் 13, சனி

அத்தைக்குப் போன் செய்தேன். நானாகக் கூப்பிட்டதில் அவருக்குப் பயம் வந்துவிட்டது. எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்று மூன்று தரம் சொன்ன பிறகு கேட்டேன்.

"ஆடியில வந்தப்போ அந்த ரூம்ல சீலிங்கைப் பாத்தீங்கல்ல அத்தை?"

"பாத்தனே."

"போன தடவை மாசமா இருக்கறப்போதான் அதைப் போட்டோம். நீங்க ஒரு வார்த்தை சொல்லலீங்களே. அப்பவும் சொல்லல, அப்புறமும் சொல்லல."

அந்தப் பக்கம் குக்கர் ஒரு விசில் அடித்தது. அடுப்பைத் தணித்துவிட்டு வந்தார்.

"அப்ப சொல்லியிருந்தா, அதுனாலதான் போச்சுன்னு நீ உசிருள்ள மட்டும் நெனச்சுட்டு உக்காந்திருப்ப. அதுக்குத்தான் வாயை மூடிட்டு இருந்தேன். இப்பப் பாத்தா, நான் சொல்லாமயே நீ அப்படித்தான் நெனச்சிருக்கறயாட்ட இருக்குது."

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"அது இரும்பு கண்ணு. இரும்பு என்ன பண்ணும், பாவம்?"

பிறகு தேங்காய் முற்றிவிட்டதா என்று விசாரித்தார். போனை வைக்கப் போகும்போது குரலைத் தணித்துச் சொன்னார்: "வெறுந்தொட்டிலை மட்டும் ஆட்டிப்போடாதீங்க. அது எனக்கே பயம்."

ஒரு வருடமாக அந்த மௌனத்தை நான் தப்பாகவே வாசித்திருக்கிறேன். இத்தனை புத்தகம் படித்து என்ன.

செப்டம்பர் 15, திங்கள்

பத்தொன்பது வாரம் நான்கு நாள். போன தடவை இந்த நாளுக்கு அடுத்த நாள் இல்லை.

காலை. நந்து லீவு போட்டிருக்கிறார். காரணம் சொல்லவில்லை. ஃபேன் இறக்கைகளைத் துடைக்கிறேன் என்று ஏணியோடு வீடு முழுக்கத் திரிகிறார்.

பதினொரு மணி. கழிவறைக்கு ஐந்தாவது முறை. ஒன்றுமில்லை.

கோமதிக்கு இன்னும் பதில் போடவில்லை. அவர் நான்காவது கொக்கியை ஒட்டி மறுபடியும் மாட்டிவிட்டால் என்ன செய்வது? முதலில் இரண்டு வரி அனுப்பினேன்: எந்தக் காரணம் கொண்டும் திரும்ப மாட்டாதீர்கள், தப்பு என்னுடையது, விவரம் எழுதுகிறேன்.

மூன்று மணி. அடிவயிற்றில் ஏதோ. வலி இல்லை. மீன் வாலால் தொட்டியின் சுவரை ஒருமுறை தட்டிவிட்டுப் போனது போல. நந்துவைக் கூப்பிட்டேன், ஏணியிலிருந்து பாதி குதித்து வந்தார். அவர் கை வைத்தபோது ஒன்றும் இல்லை. கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார், கை முழுக்க ஃபேன் தூசி.

ஆறு மணி. விளக்கேற்றினேன்.

செப்டம்பர் 16, செவ்வாய்

சட்னிக்குத் தேங்காய் உடைத்தேன். தண்ணீர் இனித்தது.

செப்டம்பர் 18, வியாழன்

பதிவு போட்டேன். படம் இல்லாத முதல் பதிவு. இங்கேயும் ஒரு பிரதி வைக்கிறேன்.

"ஜூன் மாதம் கோமதி கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதில் பொய். அந்த விளக்கு ஒட்டும் கொக்கியில் தொங்கவில்லை. கூரையைத் துளைத்துப் பதித்த இரும்புக் கொக்கியில் தொங்குகிறது. ஒட்டும் கொக்கியை நம்பித் தலைக்கு மேல் எதையும் தொங்கவிடாதீர்கள். மாட்டியிருந்தால் இன்றே இறக்குங்கள். என் பதிலை நம்பியதால் ஒரு வீட்டில் விளக்கு விழுந்தது. குழந்தை அந்த நேரம் அங்கே இல்லை.

"அந்தக் கொக்கி தொட்டிலுக்காகப் போட்டது. போன ஆண்டு எங்கள் குழந்தை ஐந்தாம் மாதத்தில் போய்விட்டது. கொக்கியைப் பார்க்க முடியாமல் அதில் விளக்கை மாட்டினேன். நான் காட்டிய படிக்கும் மூலை, படிப்பதற்காக உண்டானது அல்ல.

"இந்த வீட்டில் ஆணி இல்லை. ஒரு கொக்கி இருக்கிறது."

வயிற்றில் இருப்பதைப் பற்றி எழுதவில்லை. அது அவர்களுக்குச் சொல்ல வேண்டிய பதில் அல்ல.

கணினியை மூடிவிட்டு இட்லிக்கு ஊறப்போட்டேன். மாலையில்தான் திறந்தேன். கோபமாகச் சிலர். நம்பியிருந்தோமே என்று ஒருவர். அது நியாயம். தங்கள் வீட்டிலும் திறக்காத ஒரு அறை இருப்பதாக, பெயர் போடாமல், சிலர். கோமதி ஒரே வரி எழுதியிருந்தார்: "விளக்கை இறக்கிவிட்டேன். நீங்களும் இறக்கிவிடுங்கள்."

அதற்குக் கீழே, இதுவரை பின்னூட்டமே போடாத ஒருவர்:

"மேற்படி துளைக்கு அனுமதி கொடுத்தது நான்தான். வேறு துளை எதுவும் இல்லை என்பதை மாதாமாதம் நேரில் பார்த்து வருகிறேன். ஆனால் அந்தக் கொக்கி விளக்குக்காகக் கொடுத்தது அல்ல. இப்படிக்கு, வீட்டுக்காரர்."

நான்கு வருடமாக மேலே உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்திருக்கிறார். நந்து அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு, "மேற்படி துளை" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். மேலே கேட்டுவிடும் என்று நான் அவர் வாயைப் பொத்தினேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

விளக்கை இறக்கினோம். கொக்கி துருப்பிடிக்கவில்லை. விளக்கின் கம்பி உரசிய இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கோடு.

பழப்பெட்டி அலமாரியை நந்து நகர்த்தினார். பின்னால் சுவரில் மூன்று மேகங்கள் இருந்தன. ஒட்டுப் படம், போன வருடம் ஒட்டியது. நான்கை உரித்திருக்கிறேன், மிச்சத்துக்குத் தெம்பில்லாமல் அலமாரியைச் சாத்தியிருக்கிறேன். இருக்கட்டும் என்றேன்.

நாற்காலியை ஹாலுக்கு எடுத்துப் போய்விட்டுத் திரும்பி வந்தால், அவர் என் பழைய சுங்குடிச் சேலை ஒன்றைக் கொக்கியில் போட்டு முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கிறார். குழந்தை பிறந்த பதினாறாம் நாள்தான் தொட்டில் கட்டுவார்கள். இப்போது எதற்கு என்றேன்.

"தொட்டில் கட்டல. லோடு டெஸ்ட். ஒரு வருஷமாச்சு, தாங்குதான்னு பாக்க வேண்டாமா?"

"அத்தை என்ன சொன்னாங்க? வெறுந்தொட்டிலை..."

"வெறுமையா ஆட்டக்கூடாது. அவ்வளவுதான? இரு."

சமையலறையில் ஏதோ உருண்டது. தராசின் சத்தம் கேட்டது. அம்மியின் மேலிருந்த உருட்டுக் கல்லை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார். கனத்தால் அல்ல, கீழே விழுந்தால் டைல்ஸ் உடைந்துவிடும், ஐயா தட்டிப் பார்ப்பார் என்பதால்.

"மூணு கிலோ நூத்தம்பது. சரியான வெயிட்டு."

சேலைக்குள் மெதுவாக வைத்தார். துணி இறுகி, கல் ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்துக்கொண்டது. கொக்கி ஒரு சத்தமும் போடவில்லை. நிற்கும்போது தாங்குவது வேறு, ஆடும்போது தாங்குவது வேறு என்று எனக்கு விளக்கிக்கொண்டே ஒரு விரலால் ஆட்டினார். ஒரு முறை, இரண்டு முறை. பார்வை முழுக்கக் கூரையில்.

"ஏங்க, உள்ள இருக்கறதுக்குப் பேரு என்ன?"

"எதுக்கு?"

"அந்தக் கல்லுக்கு."

"குழவி" என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கே காதில் விழுந்தது. விரல் நின்றுவிட்டது. தொட்டில் தானாக இன்னும் நாலைந்து தடவை ஆடியது.

பழைய செய்யுள்களில் யானைக் கன்றும் குழவி, பிறைநிலவும் குழவி, பிறந்த பிள்ளையும் குழவி. எத்தனையோ தடவை படித்த சொல். சமையலறையில் அதே பெயரோடு ஒரு கல் நான்கு வருடம் படத்துக்காக உட்கார்ந்திருந்தது.

நந்து ஜன்னல் பக்கம் திரும்பி நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டார். மேலே ஐயா நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது. நான் தொட்டிலைப் பிடித்து நிறுத்தவில்லை.

கல்லை எடுக்கட்டுமா என்று பிறகு கேட்டார். வேண்டாம் என்றேன். படம் எடுக்கவில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

வளைகாப்பு. எனக்கு அம்மா இல்லாததால் பிரசவம் இங்கேதான் என்று அத்தை முடிவு செய்து, அதற்கு இப்போதே பெட்டியோடு வந்துவிட்டார். சின்ன அறைக்குள் முதல் முறையாகப் போனார். சேலைக்குள் எட்டிப் பார்த்தார். கல்லைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "அதான பாத்தேன், அம்மி மொட்டையா இருக்குதேன்னு" என்று மட்டும் சொன்னார்.

கை நிறையக் கண்ணாடி வளையலோடு விசைப்பலகையைத் தட்டினால் பெரிய சத்தம் வருகிறது. வியாழக்கிழமைப் பதிவை அப்படியே அடித்து முடித்தேன். சமையலறைக் கூடைகளைப் பற்றி.

ஜனவரி 27, செவ்வாய்

படுக்க முடியவில்லை, உட்கார முடியவில்லை. நான்கு பதிவுகளை எழுதித் தேதி போட்டு வைத்துவிட்டேன். பை தயார். அதைத் தினமும் பிரித்து மறுபடி அடுக்குகிறேன். பயம் போய்விட்டது என்று எழுதினால் பொய். பொய் எழுதுவதை நிறுத்தியிருக்கிறேன்.

பிப்ரவரி 15, ஞாயிறு

ஜனவரி 30, வெள்ளிக்கிழமை காலை ஒன்பது பத்துக்குப் பெண் குழந்தை பிறந்தாள். இரண்டு கிலோ எண்ணூறு.

நேற்று பதினாறாம் நாள், தொட்டிலில் போட்டோம். அதற்கு முன்பு அத்தை சேலைக்குள்ளிருந்து குழவியை எடுத்துக் கழுவி, எனக்கு மருந்து அரைத்தார். அது இப்போது அம்மியின் மேல் இருக்கிறது.